கொழுந்து நிறுவையில் தொடங்கலாம்

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் டிஜிட்டல் ஊடகவியல் படிக்கிற பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்த எடிட்டிங் செயலி நல்லது என்பதைத்தான். இதற்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம்: உங்கள் போனில் தடங்கல் இல்லாமல் ஓடுகிற எதுவும் போதும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும்போது போனிலும் கொப்பியிலும் என்ன இருக்கிறது? பதிவாகாத சத்தத்தையும் எழுதிக்கொள்ளாத பெயரையும் எந்தச் செயலியும் பிறகு கொண்டுவந்து தராது. ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி மலையில் நிற்கும் அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றியது.

பயிற்சிக்கு ஒரு கொழுந்து நிறுவையை, அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தை எடை பார்க்கும் நேரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் முற்பகல், மதியம், பின்னேரம் என்று நாளுக்கு மூன்று நிறுவை. ஆட்கள் வரிசையாக வருகிறார்கள், சாக்கு தராசில் ஏறுகிறது, கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லி எழுதுகிறார், ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று சில கிலோ கழிகிறது, கொழுந்து லொறியில் ஏறி ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) போகிறது. தொடக்கமும் இழுபறியும் முடிவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. மலையகத்தில் எல்லோரும் பார்த்த காட்சி. ஆனால் எத்தனை கிலோ ஏறியது, எத்தனை கழிந்தது, யார் என்ன பெயரில் கழித்தார்கள் என்று எண்ணோடு எழுதப்பட்டது மிகக் குறைவு.

அனுமதி முதலில். தேயிலை மலையும் ஸ்டோரும் கம்பனி நிர்வாகத்தின் கீழ் இருப்பவை. துரைக்கு (தோட்ட முகாமையாளருக்கு) முன்கூட்டியே கடிதம் கொடுத்து, அதன் பிரதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் ஒளிந்துபோய் எடுக்க வேண்டாம். நீங்கள் பஸ் ஏறிப் போய்விடுவீர்கள். கேள்வி கேட்கப்படப்போவது உங்களோடு பேசிய அக்காவைத்தான். வேலை முடிந்த பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்து பேசினாலும் கதையில் பாதி கிடைத்துவிடும்.

போனில் குறைந்தது 8 ஜிபி காலியாக இருக்கட்டும். 1080 தரத்தில் ஒரு நிமிடக் காணொளி ஏறத்தாழ 100 முதல் 150 எம்பி வரை பிடிக்கும். ஃபோர்கேயில் எடுத்தால் அரை மணித்தியாலத்துக்கு 10 ஜிபியைத் தாண்டிவிடலாம். போனில் பார்க்கிற வாசகருக்கு அந்த வித்தியாசம் தெரியவும் தெரியாது. வேகத்தை வினாடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) என்று வையுங்கள். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஸ்டோருக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் 30 சட்டகத்தில் எடுத்தால் படம் அலையலையாக மின்னும். 25 சட்டகமும் ஐம்பதில் ஒரு வினாடி ஷட்டர் வேகமும் என்றால் அது நின்றுவிடும். போனோடு வரும் கமராவில் இந்த வசதி இல்லாவிட்டால் பிளாக்மேஜிக் கமரா செயலி இலவசமாகக் கிடைக்கிறது.

நிறுவையில் அதிகம் பேர் கோட்டைவிடுவது தராசின் எண்ணை. சிவப்பு எழுத்தில் ஒளிரும் டிஜிட்டல் தராசு, நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விட்டுவிட்டு எரிகிறது. வெயிலில் போன் தானாகவே ஷட்டரை மிக வேகமாக்கிக்கொள்ளும். அப்போது 18 என்பதில் ஒரு கோடு இல்லாமல் 10 மாதிரியோ 16 மாதிரியோ பதிவாகிவிடலாம். சம்பளத்தைத் தீர்மானிக்கிற எண்ணுக்கு இது சின்னப் பிழை இல்லை. தராசுக்கு ஒரு குடையைப் பிடித்து நிழலாக்கிவிட்டு, ஷட்டரைக் குறைத்து எடுங்கள். எண் இரண்டு மூன்று தடவை மாறி நிற்கும். நின்ற பிறகும் ஐந்து வினாடி கமராவை அசைக்காதீர்கள். அடுத்து அந்த எண்ணைப் பார்க்கிற முகம். அதற்கடுத்து எண்ணை எழுதுகிற பேனா. இந்த மூன்றும் அடுத்தடுத்து இருந்தால் விளக்கக் குரலே தேவைப்படாது.

மற்றபடி பழைய முறைதான்: கை, முகம், முழு இடம், தோளுக்கு மேலால் அவர் பார்ப்பது, இன்னும் ஒரு புதிய கோணம். ஒவ்வொன்றும் பத்து வினாடி, மனதுக்குள் எண்ணிக்கொண்டு. மலை முழுவதையும் காட்ட வேண்டும் என்று கமராவை இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டே போனால் அதில் வெட்டி எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

மூடுபனி இருக்கிற காலையில் போன் வெள்ளைப் பின்னணியைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கறுத்துப்போகும். முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியையும் குவியத்தையும் பூட்டிவிட்டு, சற்றே மேலே இழுங்கள். நீலப் படங்கின் கீழ் யாரையும் நிறுத்திப் பேசவிட வேண்டாம். தோலின் நிறத்தைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. குளிரில் இருந்து அடுப்பு எரிகிற வீட்டுக் காம்பராவுக்குள்ளோ, சூடும் ஈரமும் நிறைந்த ஸ்டோருக்குள்ளோ நுழைந்தால் லென்ஸில் ஆவி படியும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். போன் அந்தச் சூட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் பெயர்களை எழுதலாம்.

பெயர் என்பது மலையகத்தில் தனி வேலை. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, லயத்தில் (தொழிலாளரின் வரிசை வீடுகளில்) கூப்பிடுவது ஒன்று என்று மூன்று இருக்கும். எதைப் போட வேண்டும் என்று அவரிடமே கேட்டு, எழுதி, அவருக்குக் காட்டுங்கள். தோட்டத்தின் பெயரும் அப்படித்தான். கம்பனிக் கடிதத்தில் உள்ள ஆங்கிலப் பெயர் வேறு, சனங்கள் சொல்லும் தமிழ்ப் பெயர் வேறு. இரண்டையும் டிவிசனோடு (தோட்டத்தின் உட்பிரிவோடு) சேர்த்து எழுதாவிட்டால், வெளிநாட்டில் இருந்து தேடுகிற உறவினருக்கு உங்கள் செய்தி அகப்படாது.

இனிச் சத்தம். காணொளி கொஞ்சம் மங்கலாக இருந்தால் வாசகர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்காவிட்டால் நாலாவது வினாடியில் போய்விடுவார். ஆயிரம் ரூபாக் கணக்கில் கிடைக்கிற சட்டை மைக் ஒன்று, விலை கூடிய கமராவைவிடப் பயன்தரும். அதுவும் இல்லையென்றால் இன்னொரு போனை ஒலிப்பதிவுக்கென்று வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடியுங்கள். பதிவுத் தரத்தை வேவ் அல்லது உயர்தரத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். சில போன்களில் தானாக அமைந்திருக்கும் தரம், டெலிபோன் குரல் மாதிரி ஒடுங்கிக் கேட்கும். தொடக்கத்தில் கமரா முன்னால் ஒரு தடவை கை தட்டிவிட்டால் இரண்டு பதிவையும் பொருத்துவது சுலபம்.

மலையில் எதிரி காற்று. மைக்கை ஒரு கம்பளித் துண்டால் சுற்றி, காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எஞ்சும் உறுமலை ஒடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் செயலியில் 80 முதல் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் குரலுக்குப் பெரிய சேதம் வராது. மைக்கில் நேராக அடித்து உடைந்த சத்தத்தை மட்டும் எதுவும் சரிசெய்யாது. லயத்தில் தகரத்தின்மேல் மழை பெய்கிறபோது பேட்டி எடுக்காதீர்கள். அந்த மழையையே ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொண்டு, விட்ட பிறகு பேசுங்கள். சீமெந்துச் சுவர்க் காம்பரா எதிரொலிக்கும். உடுப்புக் கொடி கட்டிய மூலையில், பாய் விரித்து உட்காரவைத்தால் எதிரொலி குறையும். எங்கே பேட்டி எடுத்தாலும் யாரும் பேசாத ஒரு நிமிடத்தை அந்த இடத்தின் சத்தமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பேச்சை வெட்டிய இடங்களில் உண்டாகும் பள்ளத்தை நிரப்ப அது வேண்டும்.

"இந்த வேலை கஷ்டமா இருக்காக்கா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்பதோடு முடியும். "இன்னைக்கு காலை நெறுவைக்கு எத்தனை கிலோ வந்துச்சு? அதுல எத்தனை கழிச்சாங்க? போன மாசம் அரைப் பேர் எத்தனை நாள் விழுந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு திறந்துகொள்ளும். பேர், அரைப் பேர், கைக்காசு, கவ்வாத்து, பிரட்டுக்களம், பீலி போன்ற சொற்களைத் திருத்தி 'நாட்கூலி', 'கத்தரித்தல்' என்று மாற்றி எழுதுகிறவர்கள் கதையின் உயிரையே எடுத்துவிடுகிறார்கள். பேர் என்றால் ஒரு முழுநாள் சம்பளம் பதிவாவது. அரைப் பேர் என்றால் அன்றைய வேலைக்கு அரைநாள் சம்பளம் மட்டும் பதிவாவது. மலைக்கு வெளியே உள்ள வாசகருக்கு ஒரு தடவை இப்படி விளக்கினால் போதும். பேச்சைத் தானாக எழுத்தாக்கும் கருவிகள் இந்தச் சொற்களில்தான் தடுமாறும். 'பேர்' என்பதை ஆளின் பெயராக எடுத்துக்கொண்டு வாக்கியத்தையே குலைத்துவிடும். ஆகவே முழுவதையும் காதால் ஒரு தடவை கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

சம்மதத்தை ஒலியிலேயே பதியுங்கள்: எங்கே வெளியாகும், யாரெல்லாம் பார்க்க முடியும், பிறகு எடுக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள். முகத்தை மறைத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது பிழை. ஒரு டிவிசனில் எல்லோருக்கும் எல்லோரையும் குரலிலேயே தெரியும். சேலை, கொழுந்துச் சாக்கில் எழுதிய இலக்கம், பின்னால் தெரியும் லய வாசல் என்று எதுவும் காட்டிக்கொடுத்துவிடும். பயம் இருக்கிறதென்றால் குரலையும் இடத்தையும் மாற்றி, அவர் சொன்னதை எழுத்தில் கொடுங்கள். படம் எடுத்த இடத்தைப் போன் படத்தோடு குறித்துவைக்கும் இடப்பதிவு வேண்டிய நேரமும் இருக்கிறது, வேண்டாத நேரமும் இருக்கிறது. மண்சரிவுப் படத்துக்கு வேண்டும். பெயர் மறைத்த தொழிலாளியின் படத்துக்கு வேண்டவே வேண்டாம்.

எந்த வடிவத்தில் சொல்வது என்பது கிடைத்த பொருளைப் பொறுத்தது. நிறுவைக்குக் காணொளி பொருந்தும். ஓய்வுபெற்ற ஒரு பாட்டி ஒப்பாரி பாடினால் அது ஒலிக்கானது, படம் ஒன்று போதும். சம்பளச் சீட்டு ஒன்றை வரிவரியாக விளக்குவதென்றால், பெயரை மறைத்த சீட்டின் படமும் எழுத்தும்தான் சிறந்தது. எழுத்துக்கு அப்பால் போவது இங்கே புதிதும் இல்லை. கொழும்பில் 1920களில் தமிழ் நாளிதழ் நடத்தி, பிறகு தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய கோ. நடேசய்யரின் கூட்டங்களில், அவர் மனைவி மீனாட்சி அம்மாள் செய்தியைப் பாட்டாகப் பாடினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அந்தக் காலப் பத்திரிகைகளையும் பிரசுரங்களையும் தேட 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்துக்குப் போங்கள். பின்னணி எழுதுமுன் அங்கே ஒரு மணித்தியாலம் செலவிடுவது, பத்துப் புதிய செய்திகளைப் பார்த்து எழுதுவதைவிட நல்லது.

மழைக்காலத்தில் வேலை வேறு மாதிரி. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மண் சரிந்தபோது, முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் என்று வந்த எண், பெயர் பெயராகக் கணக்கெடுத்ததும் வெகுவாகக் குறைந்தது. காலை நேரம். யார் வேலைக்குப் போனார்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போனது என்று உடனே யாருக்கும் தெரியவில்லை. எண்ணை யார் சொன்னார், எந்த நேரத்தில் சொன்னார் என்று செய்தியிலேயே எழுதுவது அதனால்தான் அவசியம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வெளியிடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, எத்தனை மணி வரை செல்லுபடியாகும் என்றும் அதில் இருக்கும். நேற்றைய எச்சரிக்கையின் படத்தை இன்றைக்குப் பகிர்வது சனங்களை வீணாக ஓடவைக்கும். அதைவிட மோசம், அடுத்த தடவை உண்மையான சிவப்பு வரும்போது யாரும் நம்பமாட்டார்கள். வெளியிட்ட நேரம், முடிகிற நேரம், பிரிவின் பெயர் ஆகிய மூன்றும் இல்லாமல் எதையும் பகிர வேண்டாம்.

வட்ஸ்அப்பில் வருகிற மண்சரிவுக் காணொளிக்கு மலையே சாட்சி. வழக்கமாக அனுப்பும் படத்தில் எடுத்த நேரத்தையும் இடத்தையும் வட்ஸ்அப் நீக்கிவிடும். எடுத்தவரைத் தேடிப்பிடித்து மூலக் கோப்பை டொக்யுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். காணொளியிலிருந்து நாலைந்து சட்டகத்தைப் பிடித்து கூகுள் லென்ஸ், டின்ஐ ஆகிய படத் தேடல் கருவிகளில் தேடினால் பழைய படமோ வேறு நாட்டுப் படமோ பலமுறை அங்கேயே பிடிபடும். அடுத்து வானத்தோடு மலை சேரும் கோட்டைப் பாருங்கள். கூகுள் ஏர்த்தில் சொன்ன இடத்துக்குப் போய், பார்வையைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்தி, அதே திசையில் திருப்பினால் முகடுகளின் வரிசை பொருந்துகிறதா என்று தெரியும். மண் சரிந்தாலும் முகடு அநேகமாக அப்படியே இருக்கும். சமவெளியில் வேலைசெய்கிறவர்களுக்கு இல்லாத வசதி இது.

நிழலும் உதவும். நமது மலைகள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகை அளவில் இருப்பதால், ஏப்ரல் 8 வாக்கிலிருந்து செப்டெம்பர் 5 வாக்கு வரை நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற நாட்களில் வடக்கே. டிசம்பர் மதியம் என்று சொல்லப்படும் படத்தில் நிழல் தெற்கே சாய்ந்திருந்தால் நிறுத்தி விசாரியுங்கள். செயற்கை நுண்ணறிவில் செய்த படமா என்ற சந்தேகம் வந்தால் பெயர்ப்பலகையைப் பெருப்பித்துப் பாருங்கள். சிங்களமும் தமிழும் பலமுறை எழுத்து மாதிரி மட்டுமே இருக்கும், வாசிக்க முடியாது.

எண்கள் விஷயத்தில் ஒரு பழக்கத்தை மட்டும் வலியுறுத்துகிறோம்: எண்ணை எழுதுமுன் அதன் வரையறையை வாசியுங்கள். தொகைமதிப்புத் திணைக்களம் 'தோட்டத் துறை' என்று சொல்வது 20 ஏக்கருக்குக் குறையாத, குறைந்தது 10 தொழிலாளர் குடியிருக்கும் பெருந்தோட்டங்களை. 2012 தொகைமதிப்பின் 'இந்தியத் தமிழர்' 8,39,504 பேர் என்பது இனத்தை வைத்த கணக்கு. தோட்டத்தில் வசிக்கும் சிங்களவர் முதலாவதில் சேர்வார். ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் மலையகத்தவர் அதில் சேரமாட்டார். 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்ட மலையகத்தவர் இரண்டாவதில் இல்லை. இந்த இரண்டு எண்ணையும் ஒன்றாக நினைத்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். சம்பளமும் அப்படித்தான். 2024 மேயில் 1,700 ரூபா என்று தலைப்புகள் வந்தன. அதில் 1,350 அடிப்படை, 350 கூடுதல் கொடுப்பனவு. வழக்குக்குப் பிறகு செப்டெம்பரில் குறைந்தபட்ச நாட்சம்பளமாக வர்த்தமானியில் வந்தது 1,350. மே மாதத் தலைப்பை மட்டும் பார்த்து அந்த ஆண்டின் சம்பளச் சீட்டை வாசிக்கப்போனால் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது.

இல்லாத எண்ணைக் கேட்டு வாங்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் மாணவருக்கும் உரியது. காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் தகவல் உரிமை ஆணைக்குழு. ஒப்புகைத் துண்டை வாங்காமல் திரும்பாதீர்கள், நாள் எண்ணுவது அதிலிருந்துதான். பெரும்பாலான விண்ணப்பங்கள் தோற்பது கேள்வியால். "வீடமைப்புத் திட்டம் ஏன் தாமதம்?" என்பது அபிப்பிராயம் கேட்பது. "2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளில், இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் இன்றைய திகதி வரை கட்டி முடிந்தவை, கட்டுமானத்தில் உள்ளவை, தொடங்காதவை எத்தனை? தோட்ட வாரியான பட்டியலின் பிரதி தேவை" என்பது ஆவணம் கேட்பது. இப்படிக் கேட்டால்தான் பட்டியல் வரும்.

வந்த ஆவணம் பாமினி எழுத்துருவில் இருக்கக்கூடும். பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. பிரதி எடுத்து ஒட்டினால் அர்த்தமில்லாமல் கொட்டும். யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசம். ஆனால் இடையில் ஆங்கிலத்தில் இருந்த கம்பனிப் பெயர்களையும் அவை தமிழ் எழுத்தாக்கிக் குழப்பிவிடும், அடைப்புக்குறிகளும் மேற்கோள்குறிகளும் இடம் மாறும். மூல ஆவணத்தைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டுக் 'கெளரவம்' என்று அடிப்பதும் பெரிய தொல்லை. கண்ணுக்கு ஒன்றுதான், தேடுபொறிக்கு வேறு சொல்.

வெளியிடும்போது இணைப்பின் முகவரியைச் சுருக்கமான ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைத்தால் ஒவ்வொரு யுனிகோட் குறியும் 9 குறிகளாக விரியும். 'தோட்டம்' என்ற ஒரே சொல் 63 குறியாகிவிடும். காணொளிக்கு எழுத்துத் துணைவரி கட்டாயம். பஸ்ஸில் சத்தத்தை நிறுத்திவைத்துப் பார்க்கிறவர்கள் அதிகம். சில செயலிகள் கொம்பையும் காலையும் பிரித்துவிடும் என்பதால், முழுவதையும் அடிக்குமுன் 'கொழுந்து', 'பொகவந்தலாவ', 'நோர்வூட்' என்ற மூன்றையும் அடித்துப் பாருங்கள். போகப் போக வாயும் சத்தமும் விலகினால் உங்கள் பிழை அல்ல. போன் வெளிச்சத்துக்கேற்பச் சட்டக வேகத்தை ஏற்றி இறக்கியிருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற காணொளி மாற்றும் செயலியில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். முகட்டுக்குப் பின்னால் சிக்னல் இல்லாத டிவிசன்களில் மூன்று நிமிடக் காணொளியே சுற்றிக்கொண்டு நிற்கும். 480 தரத்தில் ஒரு சிறிய பிரதியும், அதே செய்தி எழுத்திலும் இருக்கட்டும்.

மூலக் கோப்புகளுக்குத் திகதி, தோட்டம், டிவிசன், வரிசை இலக்கம் என்று அன்றிரவே பெயர் வைத்து, போனில் ஒன்று, கணினியில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என வையுங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க் கூற்றுகளைக் குற்றமாக்குகிறது. யாராவது உங்கள் செய்தி பொய் என்றால் வெட்டாத பதிவுதான் உங்களுக்குத் துணை.

செய்தி வெளியான பிறகு ஒரு நாள் மறுபடி மேலே போக வேண்டும். டவுனில் இரண்டு மூன்று படங்களைக் கழுவி எடுத்து, ஒவ்வொன்றின் பின்புறமும் பெயர், திகதி, தோட்டம், டிவிசன் எழுதி, படத்தில் இருப்பவர் கையில் கொடுங்கள். காணொளியை அவர் வீட்டிலேயே போட்டுக் காட்டுங்கள். கிலோவில் பிழை இருந்தால் அவர் அப்போதே சொல்லிவிடுவார். கீழே இறங்கியதும் திருத்தி, எந்த நாளில் எது திருத்தப்பட்டது என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.